மன்னனை விட்டு விலகிப் பாருங்கள்

கி.மு. 1274 வாக்கில், இன்றைய சிரியாவிலுள்ள காதேஷ் அருகே எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் ஹிட்டைட் அரசன் முவாடாலியும் மோதினர். அந்தப் போரை அபு சிம்பெல், லக்சர், அபிடோஸ், ராமேசியம் எனப் பல கோயில்களில் ராம்சேஸ் செதுக்க வைத்தான். அச்சுவர்களில் மலையாக உயர்ந்து நிற்கும் மன்னன் தேரிலிருந்து அம்பு தொடுக்கிறான். எதிரிகள் எறும்புக் கூட்டமாய்ச் சிதறுகிறார்கள்.

ஆனால் போரின் முடிவு வேறு. காதேஷ் ஹிட்டைட்டுகளின் பிடியிலேயே இருந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின் இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன.

சுவர்களில் வென்றதாகக் காட்டியதை ராம்சேஸின் தற்பெருமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கோயில் சுவரின் வேலை செய்தி சொல்வதல்ல. குழப்பத்தை அடக்கி உலக ஒழுங்கைக் காப்பவன் மன்னன் என்று நிறுவுவது. அங்கே தோல்விக்கு இடமில்லை. எதிரியின் தலைமயிரைப் பற்றிக் கதாயுதம் ஓங்கும் மன்னனின் கோலம், கி.மு. 3100 அளவிலான மன்னன் நார்மரின் கற்பலகையிலேயே வந்துவிட்டது. வாய்பாடு முற்றினால் வரலாறு கேலிக்கூத்தாகும். எகிப்திய மன்னன் சாஹுரே செதுக்க வைத்த, லிபியர் மீதான வெற்றிக் காட்சியைப் பின்வந்த மன்னன் இரண்டாம் பெப்பி நகலெடுத்தான்; 1,500 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மன்னன் தஹார்காவும் நகலெடுத்தான். தோற்ற தலைவனின் மனைவி, மகன்களின் பெயர்கள்கூட மாறவில்லை!

அப்படியானால் இச்சிற்பங்கள் சான்றாகப் பயன்படாதா? பயன்படும். மன்னனின் உருவத்தை விட்டு விலக விலக உளி உண்மை பேசுகிறது. கேடயங்களை வேலியாக நட்ட பாசறை, அதற்குள் கழுதைகள், பிடிபட்டு அடிவாங்கும் ஹிட்டைட் ஒற்றர்கள் என ஓரங்களில் நிஜமான போர்க்களம் விரிகிறது. எகிப்தியத் தேரில் இருவர், ஹிட்டைட் தேரில் மூவர் என்ற வேறுபாட்டையும் சிற்பி விடவில்லை. ஆற்றில் விழுந்து தண்ணீர் குடித்த, எதிரிப் பக்கத்து அலெப்போ அரசனை அவன் வீரர்களே தலைகீழாகப் பிடித்திருப்பதை ராமேசியத்தில் காணலாம். பாசறைக்குள் எதிரி புகுந்ததும், துணைப்படை வந்து சேர்ந்ததும் இச்சிற்பங்களில் உள்ளன. தனியொருவனாய் வென்றேன் என்ற மன்னனுக்கு எதிரான சாட்சியை அவன் செலவிலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

யார் வென்றார் என்பதற்கு இச்சுவர்கள் நம்பத்தகாத சாட்சி. எப்படிப் போரிட்டார்கள் என்பதற்கு இவற்றை விட்டால் நல்ல சாட்சி கிடைப்பது அரிது.