இடது கால் சொல்லும் பாடம்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1932-ஆம் ஆண்டு பிறந்த கிறிஸ்டி பிரவுன், தம் இளமைக் கதையை 1954-இல் நூலாக வெளியிட்டார். 'மை லெஃப்ட் ஃபுட்', அதாவது 'என் இடது கால்' என்பது அதன் பெயர். கொத்தனார் ஒருவரின் பெரிய குடும்பத்தில் பிறந்த அவருக்கு, சொன்னபடி கேட்ட உறுப்பு இடது கால் ஒன்றே. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைப் பற்றி அறிய விரும்புவோர் இந்நூலை அவசியம் படிக்கவேண்டும். ஆயினும் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும்.

இந்நூல் அனுபவத்தைச் சொல்லுகிறதே தவிர, நோயின் விளக்கத்தை அதிகம் சொல்லவில்லை. வளரும் மூளை, கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளோ பாதிக்கப்படுவதால் ஏற்படும் இயக்கக் குறைபாடே மூளை முடக்குவாதம். குறைமாதப் பிறப்பு, பிராணவாயுக் குறைவு, கடும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை காரணங்களுள் சில. இது தொற்றாது, மூளையில் நேர்ந்த பாதிப்பு நாளடைவில் பெருகுவதும் இல்லை. லண்டன் மருத்துவர் லிட்டில் 1862-இல் இதைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்தினார். கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்று 1897-இல் வாதிட்டவர் சிக்மண்ட் ஃபிராய்ட். பிற்கால ஆராய்ச்சிகள் ஃபிராய்டின் கருத்துக்குப் பெரிதும் துணை நின்றன.

முழங்கையை மடக்கும்போது மேற்கையின் முன்தசை சுருங்குகிறது, பின்தசை விட்டுக்கொடுக்கிறது. இந்த ஒழுங்கைக் காப்பது மூளையும் தண்டுவடமும். மூளையின் கட்டுப்பாடு குறைந்தால், நீட்டப்படும் தசை எதிர்த்து இறுகும். எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ, எதிர்ப்பும் அவ்வளவு கூடும். கெட்டியான வெல்லப்பாகில் கரண்டியை மெல்ல இழுத்தால் வரும். வெடுக்கென்று இழுத்தால் வராது. ஸ்பாஸ்டிக் எனப்படும் வகையின் இயல்பு இதுவே. பிரவுனுக்கு இருந்ததோ வேறு வகை. அதில் கைகால்கள் விருப்பமின்றியே முறுக்கி அசையும். பதற்றமும் அவசரமும் அந்த அசைவை அதிகரிக்கும். எவ்வகையாயினும், 'சீக்கிரம் எழுது' என்று அதட்டும் ஆசிரியர் அக்குழந்தைக்குத் தடையையே கூட்டுகிறார்.

நூலின் சிறந்த பகுதி, ஐந்து வயதுச் சிறுவன் இடது காலால் சாக்கட்டியைப் பற்றி ஆங்கில முதல் எழுத்தை எழுதும் இடம். அறிவு வளர்ச்சியற்ற குழந்தை என்று மருத்துவர்கள் கைவிட்ட பிள்ளை அவன். தாய் தரையில் மண்டியிட்டு எழுதிக் காட்டுகிறாள். முயற்சி தவறுகிறது, சாக்கட்டி ஒடிகிறது, மீண்டும் எழுதுகிறான். மற்ற எழுத்துகளை அவன் கற்றது அதற்குப் பிறகு, பொறுமையாக. 1989-இல் ஜிம் ஷெரிடன் இயக்கிய திரைப்படத்திலோ, சிறுவன் 'அம்மா' என்ற சொல்லைத் தரையில் எழுதிக் குடும்பத்தாரை வியப்பில் ஆழ்த்துவதே உச்சக்காட்சி. ஆஸ்கார் பரிசு பெற்ற டேனியல் டே லூயிஸின் நடிப்பு பாராட்டத்தக்கதே. எனினும், கற்பித்தல் என்ற நெடிய உழைப்பு அங்கே அற்புதமாகச் சுருங்கிவிடுகிறது. இவ்விஷயத்தில் நூலே உண்மைக்கு நெருக்கமானது.

நூலிலும் காலத்தின் குறை உண்டு. இடது காலை மட்டும் பயன்படுத்துவதால் உடலின் பிற பாகங்கள் மேலும் இறுகுகின்றன. ஆகவே அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தவேண்டும் என்று லண்டனில் ஒரு நிபுணர் பிரவுனுக்குக் கூறுகிறார். எழுதவும் வரையவும் இருந்த ஒரே வழியை அடைக்கச் சொன்ன அறிவுரை அது. அக்கால மருத்துவம் உடலை 'இயல்பாக்க' முயன்றது. இன்றைய சிகிச்சையோ, குழந்தை எதைச் செய்ய விரும்புகிறது என்று முதலில் கேட்கிறது. அதைச் செய்யவே பயிற்சி தருகிறது. கை, கால், கண், கணிப்பொறி எது உதவினாலும் நன்றே.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். பிரவுன் எழுத்தாளராக உயர்ந்ததால், இத்தகைய குழந்தை ஒவ்வொன்றிலும் ஒரு மேதை ஒளிந்திருப்பதாக வாசகர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருக்கிறது. மற்றப் பாதிப்பேருக்கு இல்லை. பேச்சு குழறுவதையோ, எச்சில் வழிவதையோ கொண்டு யார் எந்தப் பாதி என்று சொல்ல முடியாது. பேச இயலாத குழந்தையின் அறிவை, பேச்சு தேவைப்படும் தேர்வால் அளப்பது, தராசைக் கொண்டு வெப்பத்தை அளப்பது போன்றது.

மேதையாக இருந்தால்தான் பள்ளியில் இடம் என்பதும் நியாயமன்று. எட்டு எழுத்துகளை மட்டுமே கற்கக்கூடிய குழந்தைக்கும் அந்த எட்டைக் கற்கும் உரிமை உண்டு. பிரவுன் சிறுவயதில் பள்ளி சென்றதில்லை; அவருக்குப் பள்ளியாக இருந்தவள் தாய். அவருடைய மன உறுதியை வியந்து நூலை மூடிவிடுவோர் பாதியே படித்தவர்கள். அப்படி ஒரு தாய் வாய்க்காத குழந்தை என்ன ஆகும் என்று கேட்பவரே முழுவதும் படித்தவர்.