ஃபேனி இசைக்குழுவின் பாடல்கள்

அமெரிக்க ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் ஃபேனி என்னும் குழுவைப் பற்றிக் கூறுவது பெரும்பாலும் ஒரு தொடரோடு முடிந்துவிடுகின்றது. பெண்களே பாடிப் பெண்களே கருவிகளையும் இயக்கிய ராக் குழுக்களுள், பெரிய நிறுவனம் ஒன்றன் வாயிலாக முழு இசைத்தட்டினை முதற்கண் வெளியிட்டது இக்குழு என்பதே அத்தொடர். கூற்று தவறன்று. கோல்டி அண்டு தி ஜிஞ்சர்பிரெட்ஸ், பிளெஷர் சீக்கர்ஸ் என்பன ஃபேனிக்கு முன்னரே பெரிய நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டவையாயினும், அவை அந்நிறுவனங்களின் வழி வெளியிட்டவை தனிப்பாட்டுத் தட்டுக்களே. ஆயினும், ஒரு குழு காலத்தால் முற்பட்டது என்பதனாலேயே அதன் பாடல்கள் நல்லன என்றாகிவிடா. முன்மையை நிறுவுதல் வரலாற்றாசிரியர் கடன். நன்மை தீமையை ஆராய்தல் திறனாய்வாளர் கடன். முதற்கடன் ஒருவாறு நிறைவேறிவிட்டது. இரண்டாவது கடன் இன்னும் கிடக்கின்றது. ஃபேனியின் பாடல்களைப் பாடல்களாகவே கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

குழுவின் தோற்றத்தை முதற்கண் சுருங்கக் காண்போம். ஜூன் மில்லிங்டன், ஜீன் மில்லிங்டன் என்னும் உடன்பிறந்தார் இருவரும் பிலிப்பைன்சு நாட்டில் பிறந்தவர்கள். தாய் அந்நாட்டவர், தந்தை அமெரிக்கர். 1961-ஆம் ஆண்டில் குடும்பம் கலிபோர்னியாவிலுள்ள சாக்ரமெண்டோ நகரத்திற் குடியேறியது. நிறத்தாலும் பிறப்பாலும் அயலாராக எண்ணப்பட்ட அச்சிறுமியர்க்குப் பள்ளியில் இடந்தேடித் தந்தது இசையே. உகுலேலேயில் தொடங்கிய பயிற்சி கிதாருக்கு வளர்ந்தது. பள்ளி நாள்களிலேயே ஸ்வெல்ட்ஸ் என்னும் பெயரில் ஒரு குழு அமைந்தது. ஐயோவா மாநிலத்தினின்று வந்த ஆலிஸ் டி பூர் டிரம்ஸ் இயக்குபவராகச் சேர்ந்தார். பின்னர் வைல்டு ஹனி எனப் பெயர் மாற்றிக்கொண்ட இக்குழுவினர் 1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ட்ரூபடோர் அரங்கில் பாடக் கேட்ட ஒருவர், இசைத்தட்டு ஆக்குநர் ரிச்சர்டு பெர்ரியிடம் செய்தியைக் கொண்டு சேர்த்தார். ரிப்ரைஸ் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. பியானோவும் ஆர்கனும் வல்ல நிக்கி பார்க்ளே வந்து சேர்ந்தபின் குழு நால்வராய் நிறைவுற்றது. ஃபேனி (1970), சாரிட்டி பால் (1971), ஃபேனி ஹில் (1972), மதர்ஸ் பிரைடு (1973) என்னும் நான்கு தட்டுக்களும் இந்நால்வர் ஆக்கங்களே. முதல் மூன்றனுக்குப் பெர்ரியும், நான்காவதற்கு டாட் ரன்கிரனும் ஆக்குநராக இருந்தனர்.

இவர்களைப் பற்றி அக்காலத்து எழுந்த பாராட்டு ஒன்று உண்டு. ஆண்களைப் போலவே இசைக்கின்றனர் என்பதே அது. இதனைப் பாராட்டு என்று கொள்வதற்கில்லை. இவ்வாறு கூறுவோர் அளவுகோலை வேறிடத்து வைத்துக்கொண்டு பொருளை மட்டும் இவ்விடத்து வைத்து அளக்கின்றனர். இகழ்ந்தோரும் இதே கோலினைக் கொண்டே இகழ்ந்தனர். நம் சங்கப் புலவருள் பெண்பாலார் இத்துணையர் என்று எண்ணித் தொகுத்தபின், அவர் செய்யுளின் நலத்தை ஆராயாது விடும் கட்டுரைகளை நாமும் அறிவோம். எண்ணிக்கை முடிந்த இடத்தில் ஆராய்ச்சியும் முடிந்துவிடுகின்றது. குழுவின் பெயரும் இத்தீங்கிற்குத் துணையாயிற்று. அமெரிக்க வழக்கில் அப்பெயர்க்கு உடலின் பின்புறம் என்றும் பொருளுண்மையின், நிறுவனத்தார் அதனை வைத்தே இரட்டுற மொழிந்த விளம்பரங்களைப் பரப்பினர். செவியாற் கேட்கவேண்டிய பொருளைக் கண்ணாற் காணுமாறு மக்களைத் திருப்பியது அவ்விளம்பரம்.

இனிப் பாடல்களுக்கு வருவோம். இக்குழுவின் தனித்தன்மை யாது எனின், நால்வரும் பாடுவோர் என்பதும், பாடல் புனையும் தொழில் ஒருவர்பால் ஒடுங்காது பலர்பாற் பரவியிருத்தலும் ஆகும். தலைமைப் பாடகர் ஒருவர், அவர்க்குத் துணையாவார் சிலர் என்னும் வழக்கமான அமைப்பு இங்கு இல்லை. உடன்பிறந்தார் இருவர் குரலும் ஓரினத்தனவாய் இழைந்து செல்ல, பார்க்ளேயின் கரகரத்த குரல் அவ்விழைவினை இடையிட்டு உடைக்கின்றது. ஒரே தட்டில் அடுத்தடுத்த பாட்டுக்கள் வேறு வேறு மனத்திலிருந்து எழுந்தவை என்பது கேட்டவுடன் புலனாகும். இதனைக் குறை என்றோர் உளர். ஒரு முகம், ஒரு குரல், ஒரு கதை என்று விற்கப் பழகிய வாணிகத்திற்கு இது குறையே. கேட்போர்க்கு அன்று. ஒரு குடும்பத்தார் கூடியிருந்து பேசும் பேச்சினைக் கேட்கும் இன்பம் இத்தட்டுக்களில் உண்டு.

குழுவினர் இசைத்திறத்தை அளந்தறிதற்கு அவர்கள் பிறரிடமிருந்து எடுத்தாண்ட பாடல்களே தக்க சான்றாகும். மூலமும் வழியும் இரண்டும் நம் முன் இருத்தலின் ஒப்புநோக்கல் எளிது. மார்வின் கே 1965-இல் பாடிப் புகழ்பெற்ற 'ஐன்ட் தட் பெக்யூலியர்' என்னும் பாட்டினை ஃபேனி ஹில் தட்டில் இவர்கள் பாடியுள்ளனர். மூலத்தில் மென்மையாய்த் துள்ளிச் செல்லும் அப்பாட்டு, இங்கு நிலத்தில் ஊன்றி நடக்கின்றது. ஜூன் மில்லிங்டன் நரம்பின்மீது குழலை வழுக்கி மீட்டும் ஸ்லைடு முறையைக் கையாள்கின்றார். கோட்டுவாத்தியம் கேட்டோர்க்கு இம்முறை முற்றும் புதிதன்று. சுரங்களுக்கு இடையே உள்ள வெளியும் பேசத் தொடங்கும். காதலன் செய்யுந் தீங்கு மிகுந்தோறும் காதலும் மிகுவது வியப்பன்றோ என்பது பாட்டின் கருத்து. ஆடவன் பாடியபோது அது புலம்பல். இவர்கள் பாடும்போது தன்னைத்தானே நகும் நகை அதில் கலந்து விடுகின்றது. சொல் மாறாதிருக்கப் பொருள் மாறுகின்றது. யார் கூற்று என்று வினவிப் பொருள் கொள்ளும் பழக்கம் உடைய நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

பீட்டில்ஸ் குழுவினரின் 'ஹே புல்டாக்' பாட்டையும் இதே தட்டிற் காணலாம். இலண்டனில் அப்பிள் பதிவகத்தில் அத்தட்டின் பணி நடைபெற்றது. பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்த ஜெஃப் எமெரிக் அப்பணியில் இருந்தார். மூல ஆசிரியர்தம் பதிவகத்திலேயே அவர்தம் பாட்டினைப் பாடத் துணிந்தமை குறிப்பிடத்தக்கது. பியானோவின் கீழ்ச்சுரங்களில் உருண்டு வரும் அப்பாட்டின் அடிப்படைத் தொடர் பார்க்ளேயின் கைக்கு மிகப் பொருந்தியது. முதல் தட்டில் கிரீம் குழுவின் 'பேட்ஜ்' பாட்டினை எடுத்தாண்டவிடத்து இத்துணை வெற்றி இல்லை. அங்கு மூலத்தைக் குலைக்காது காக்கவேண்டும் என்னும் அச்சம் மிகுந்துள்ளது. இரண்டு ஆண்டுகளில் அவ்வச்சம் நீங்கிவிட்டதனை இவ்விரு பாட்டுக்களையும் அடுத்தடுத்துக் கேட்போர் உணர்வர்.

அவர்கள் தாமே புனைந்த பாடல்களைப் பற்றிச் சிறிது கடுமையாகவே கூற வேண்டியுள்ளது. சொல்லளவில் அவற்றுட் பல மெலிந்தவை. 1971-இல் பில்போர்டு வரிசையில் 40-ஆம் இடம் எய்திய 'சாரிட்டி பால்' அவர்களுக்குப் பெயர் தந்த பாட்டு, தாளம் துடிப்புடையது, ஆடுவோர்க்கு உவப்பானது. ஆயினும் அதனை அவர்களின் சிறந்த பாட்டு என்று கூற என் மனம் ஒருப்படவில்லை. அழைப்பும் ஆர்ப்பும் தவிர அதில் நெஞ்சில் நிற்கும் பொருள் ஒன்றுமில்லை. ஜூனின் காதற் பாட்டுக்கள் சிலவும் அக்காலத்து யாரும் எழுதியிருக்கக் கூடியவையே. இசை அவற்றைத் தாங்கி நிற்கின்றது.

பார்க்ளேயின் நிலை வேறு. முதல் தட்டிலுள்ள 'கான்வர்சேஷன் வித் எ காப்' காவலரை எதிர்ப்பட்ட ஒருத்தியின் கூற்றாக அமைந்தது. இளைஞர்க்கும் காவலர்க்கும் பகை முற்றிநின்ற காலம் அது. பிறர் அப்பொருளைக் கூச்சலாகப் பாடினர். இவரோ மெல்லிய நடையில், பியானோவின் துணையோடு, தெருவில் நிகழும் சிறு நிகழ்ச்சியாகவே அதனை அமைத்தார். பகையைக் காட்டிலும் களைப்பே அதில் மிகுந்து தோன்றுகின்றது. டி பூரோடு சேர்ந்து அவர் புனைந்த 'பிளைண்ட் ஆலி' இதற்கு நேர்மாறானது. முட்டுச்சந்து என்னும் பெயருக்கேற்ப, முன்னே வழியில்லை என்பதறிந்தும் விரையும் வேகம் அதில் உண்டு. டிரம்ஸ் பாட்டினை ஓட்டிச்செல்ல, பியானோவும் கிதாரும் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. ஃபேனியை ஒருமுறையேனும் கேட்க விரும்புவோர்க்கு 'சாரிட்டி பால்' கொடாது இதனைக் கொடுத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

இசைத்தட்டுக்கள் இக்குழுவின் முழுத்திறத்தையும் காட்டுகின்றனவா என்பது அடுத்து எழும் வினா. காட்டவில்லை என்றே கூறவேண்டும். பெர்ரி கைதேர்ந்த ஆக்குநர். பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கும் இசைத்தட்டு அமைத்துத் தந்தவர். 1971-இல் வெளிவந்த அவர் தட்டொன்றில் ஃபேனியினரையே கருவி இயக்கச் செய்தார். ஒலியை மெருகிட்டு ஒழுங்குபடுத்துதலில் அவர்க்கு விருப்பம் மிகுதி. அம்மெருகு பாடகியர்க்குத் துணைசெய்யும். ராக் குழுவின் முரட்டு விளிம்புகளை மழுக்கியும் விடும். இவ்வேறுபாட்டினை அறிதற்கு நல்வாய்ப்பாகச் சான்று ஒன்று கிடைத்துள்ளது. செருமானிய நாட்டுப் பிரெமென் நகரத்திலிருந்து ஒளிபரப்பான பீட்-கிளப் நிகழ்ச்சியில் 1971-இல் இவர்கள் இசைத்தமை படமாகப் பதிவாகியுள்ளது. தட்டில் அடங்கியிருக்கும் டி பூரின் தாளம் அங்கே முன்வந்து நிற்கின்றது. ஜீனின் பாஸ் கிதார் தாளத்திற்கு அடிமையாகாது தனி வழியே சென்று மீண்டு வந்து சேருகின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிக் குறிப்பறிந்து இயங்கும் அந்நால்வரைக் கண்டபின், தட்டுக்களை மீண்டும் கேட்டால் எதனை இழந்தோம் என்பது விளங்கும். ஜெத்ரோ டல், ஹம்பிள் பை முதலிய குழுக்களோடு மேடையேறிய நாள்களில் இவர்களைக் கண்டோர் வேறொரு ஃபேனியைக் கண்டனர் போலும்.

நான்காவது தட்டிற்குப் பின் குழு உடைந்தது. இடையறாப் பயணமும், பெருவெற்றி இன்னும் வரவில்லையே என்னும் ஏக்கமும், மேடையில் கவர்ச்சியான உடை வேண்டும் என்ற வற்புறுத்தலும் சேர்ந்து தம்மை நலித்தமையை ஜூன் பின்னாளில் எடுத்துரைத்துள்ளார். அவரும் டி பூரும் விலகினர். பாட்டி குவாட்ரோவும் பிரீ பிராண்டும் வந்து சேர, காசாபிளாங்கா நிறுவனத்தின் வழி 'ராக் அண்டு ரோல் சர்வைவர்ஸ்' (1974) வெளிவந்தது. அதிலுள்ள 'பட்டர் பாய்' ஜீன் எழுதியது. 1975-இல் அது 29-ஆம் இடம் எய்தியது. குழுவின் பாட்டு வரிசையில் அதற்குமேல் ஏறியதில்லை. ஆனால் அவ்வெற்றி வந்தபோது அதனைப் பெற்றுக்கொள்ளக் குழு இல்லை. பாட்டு நகைச்சுவை நிரம்பியது. ஆடவனை எள்ளி விளையாடுவது. எனினும் நால்வர் குரல் ஒலித்த பழைய கட்டமைப்பு அதில் இல்லை.

இதன்பின் நேர்ந்த மறதி எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராய்தற்குரியது. திறமையின்மையால் மறக்கப்பட்டனர் என்பது பொருந்தாது. தட்டுக்கள் கடைகளில் நெடுநாள் கிடைக்கவில்லை. 1975-இல் தோன்றிய ரன்அவேஸ் குழுவிலிருந்தே பெண்கள் ராக் குழுக்களின் கதையைத் தொடங்குதல் எழுதுவோர்க்கு எளிதாயிற்று. 1982-இல் கோ-கோஸ் குழுவின் தட்டு அமெரிக்க வரிசையில் முதலிடம் பெற்றபோது, முன்னோர் பெயர் பின்னும் மங்கியது. அடுத்தடுத்து வந்த குழு ஒவ்வொன்றும் புதுமை என்றே வரவேற்கப்பட்டது. முன்னர் ஒன்று இருந்தது என ஒப்பினால் வியப்புக்கு இடமின்றிப் போகும். வியப்பை விற்போர் அதனை ஒப்பார். 1999-இல் டேவிட் போவி ரோலிங் ஸ்டோன் இதழில், தம் காலத்துச் சிறந்த ராக் குழுக்களுள் ஒன்று சுவடின்றிப் புதைந்துவிட்டதே என்னும் கருத்துப்பட வருந்தியுரைத்தார். அதன்பின் 2002-இல் முதல் நான்கு தட்டுக்களும் பிறவும் தொகுக்கப்பட்டு நான்கு குறுந்தட்டுக்களாக வெளிவந்தன. ஒரு புகழ்பெற்ற ஆடவரின் சொல்லே இவர்களை மீண்டும் எண்ணச் செய்தது என்பதில் மகிழ்தற்கும் இடமுண்டு, வருந்துதற்கும் இடமுண்டு.

ஜூன் இதற்கிடையே வாளாவிருந்தாரல்லர். பெண்களே நடத்திய ஒலிவியா நிறுவனத்தின் வழி 1975-இல் வெளிவந்த கிரிஸ் வில்லியம்சனின் 'தி சேஞ்சர் அண்டு தி சேஞ்ச்டு' தட்டில் இசைத்தார். 1980-களில் ஆன் ஹாக்லருடன் இசைக்கலைப் பயிலகம் ஒன்றினை நிறுவினார். மாசசூசெட்சு மாநிலத்துக் கோஷன் என்னும் ஊரில் அது சிறுமியர்க்கு ராக் இசை பயிற்றி வந்துள்ளது. 2018-இல் ஜூன், ஜீன், பிரீ ஆகிய மூவரும் 'ஃபேனி வாக்டு தி எர்த்' என்னும் தட்டினை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே ஜீன் பக்கவாதத்தால் தாக்குண்டமையால், தட்டினைத் தொடர்ந்து மேற்கொள்ளவிருந்த பயணம் நிகழவில்லை. 2021-இல் இக்குழுவைப் பற்றிய ஆவணப்படமும் வெளிவந்தது. முதுமையிற் பாடிய அப்பாட்டுக்களில் பழைய வேகத்தைத் தேடுதல் முறையன்று. ஆனால் உடன்பிறந்தார் இருவர் குரலும் சேருமிடத்து எழும் அந்த இழைவு மட்டும் 1970-இற் கேட்டவாறே அங்கும் கேட்கின்றது.