மலரவிட்ட அரளி

கார்த்திகையில் பச்சையாக நிற்கும் தோட்டத்தை நான் மெச்சமாட்டேன். அப்போது ராசிபுரத்தில் எதை நட்டாலும் தழைக்கும். மாசி பிறந்து, போதமலை பழுப்பேறி, ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கிய பிறகு வந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையில் பிழைக்கிற பூமி இது. பங்குனி வெயிலில் பூக்கிற செடிதான் இந்த மண்ணுக்குச் சொந்தம். தெருவுக்கு வேம்பும் புங்கனும் இருக்கின்றன. சித்திரைக்குக் கொன்றை வந்துவிடும். மதிலுக்குள்ளே, கைக்கெட்டும் உயரத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் ரசனை தெரியும். என் கட்சி அரளி. அதிலும் ஒற்றையடுக்கு இளஞ்சிவப்பு.

அடுக்கரளி பிடித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். முதல் நாள் அது அழகுதான், மறுக்கவில்லை. வாடிய பிறகும் உதிர மனமில்லாமல், பழுப்புக் கந்தலாகக் கொத்திலேயே தொங்குகிறதே, அதை என்ன செய்வது? தினம் ஒரு ஆள் நின்று கிள்ளிப்போட வேண்டும். ஒற்றையடுக்கு தன் வேலையை முடித்துக்கொண்டு தரையில் விழுந்துவிடும். காலையில் ஒருமுறை பெருக்கினால் போதும். பராமரிப்பு இல்லாத செடி என்று அதைத்தான் சொல்லலாம்.

அதன் மொக்கு முறுக்கிய நிலையில் இருக்கும். ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பது வெளியிலிருந்தே தெரியும். மலரும்போது அந்த முறுக்கு முழுதாகப் பிரிவதில்லை. ஒவ்வொரு இதழும் சற்றே சாய்ந்து, காற்றாடி சுழலப்போகும் தருணத்தைப் போல நின்றுவிடும். உள்ளே தொண்டையில் கிழித்துவிட்டாற்போல் சிறு இழைகள், அடியில் அடர்ந்த சிவப்புக் கோடுகள். மணம் உண்டா என்று கேட்பவர்கள் விடியலில் பக்கத்தில் போய் நிற்கட்டும். மத்தியதரைக் கடற்கரை அரளிக்கு வாசம் குறைவு, நம் பக்கத்து அரளிக்கு நிச்சயம் உண்டு. இந்த மணத்துக்காகவே பழைய தாவரவியலார் நம் அரளியைத் தனி இனமாக எழுதி வைத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு வருத்தம். இந்தச் சேலம், நாமக்கல் சீமையில் அரளிக்குப் பஞ்சமே இல்லை. பனமரத்துப்பட்டி பக்கம் போனால் காடு காடாக அரளிதான். ஆனால் மலர்ந்த பூவை அங்கே தேட வேண்டும். மாலைக்கு மொக்குதான் வேண்டும் என்பதால், வாய் திறப்பதற்குள் பறித்து சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். விவசாயியின் பிழைப்பு அது, குறை சொல்ல எனக்கு வாயில்லை. அம்மனுக்கும் முருகனுக்கும் செவ்வரளி மாலை இல்லாமல் முடியாது. திருவாரூர்ப் பக்கம் திருக்கரவீரத்தில் தலமரமே அரளிதான். ஆனாலும் ஒரு வட்டாரமே வளர்க்கும் பூவை அந்த வட்டாரத்துக்காரர்களே மலர்ந்த நிலையில் பார்க்காமல் இருப்பது சரியா? எங்கள் அம்மாயி கிணற்றுமேட்டு அரளியில் மாரியம்மனுக்கென்று ஒரு கை மொக்கு பறிப்பார். மிச்சத்தைச் செடியிலேயே விட்டுவிடச் சொல்வார். அரளி மலர்ந்தால் எப்படியிருக்கும் என்பது அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அதைப் பார்க்க நாற்கரச் சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது. புகையையும் தூசியையும் தாங்கி, எதிர்வண்டி விளக்கின் கூச்சத்தையும் மறைப்பதால் நடுத்திட்டில் வைக்கிறார்கள். அரளி இலையைத் திருப்பிப் பார்த்தால் அந்தத் தாங்குசக்தியின் காரணம் புரியும். மூச்சுத்துளைகள் வெளியே திறந்து கிடப்பதில்லை. அடிப்புறத்தில் சிறு குழிகளுக்குள், மெல்லிய ரோமங்களின் மறைவில் இருக்கின்றன. அனல்காற்று இலையின் ஈரத்தை எளிதில் உறிஞ்ச முடியாது. 1945இல் அணுகுண்டில் எரிந்த ஹிரோஷிமாவில் முதலில் பூத்த செடிகளில் அரளியும் ஒன்று. 1973இல் அந்த நகரம் அதையே தன் மலராக்கிக்கொண்டது.

காகிதப்பூக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. தூரத்து நிறத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை, பக்கத்தில் போனால்தான் பேச ஒன்றுமிருக்காது. அடீனியம் அரளிக்குச் சொந்தக்காரன்தான், நந்தியாவட்டையும் நித்யகல்யாணியும் அதே குடும்பம். ஆனால் ஐப்பசி அடைமழையில் அடீனியத்தின் கிழங்கு அழுகாமல் காப்பது ஒரு தனி உத்தியோகம். ரோஜாவை ஏற்காட்டுக்காரர்களுக்கு விட்டுவிடலாம். தை மாதம் நர்சரிகளில் வந்து குவியும் பெட்டூனியா, டயாந்தஸ் தட்டுகளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பங்குனிக்குள் தொட்டி வெறும் மண்ணாகிவிடும். இளவேனிலுக்கென்று விற்கிறார்கள், நம் இளவேனிலைக் கண்டிராத செடியை! ஒற்றையடுக்கு அரளி கேட்டால், "அது ரோட்டோரச் செடிங்க" என்று சொல்லி, ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வந்த குட்டை ரக அடுக்கரளியைக் காட்டுகிறார்கள்.

விஷச்செடியை வீட்டில் வைக்கலாமா என்பார்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், உண்மைதான். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம். வெட்டிய கிளையை அடுப்பில் வைக்கக்கூடாது, புகையும் ஆகாது. ஆனால் ஆடு சீண்டாத செடியென்றால் இந்த ஊரில் பாதி வேலை மிச்சம்.

கெடுப்பது நம் கரிசனம்தான். தினமும் தண்ணீர் காட்டினால் இலை கொழுத்துப் பூ குறையும். இளந்தளிரில் மஞ்சள் அசுவினி மொய்க்கும். வேர்பிடித்த செடிக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சினால் போதும். புதுக்கிளையில்தான் பூ வரும் என்பதால், மழை ஓய்ந்ததும் தயங்காமல் வெட்டிவிட வேண்டும்.

நர்சரியை நம்ப வேண்டாம். பூத்திருக்கும் செடியைக் கண்ணால் பார்த்து, ஒற்றையடுக்குதானா என்று உறுதிசெய்துகொண்டு, முற்றிய கிளையில் ஒரு முழப் போத்து கேட்டு வாங்குங்கள். ஆடியில் ஊன்றினால் வரும் பங்குனியில் பூ காணலாம். அந்த முதல் கொத்தை மட்டும் மாலைக்கென்று பறிக்காதீர்கள்.