சுவருக்கும் ஒரு லேப் டிப்

திருப்பூரில் ஒரு லாட் துணி சாயத்தில் இறங்கும் முன் லேப் டிப் (சாயமிட்ட சிறு மாதிரித் துண்டு) போட்டு, லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, பையரிடம் அப்ரூவல் வாங்கியாக வேண்டும். டி65 என்னும் பகல் வெளிச்சத்தில் பொருந்திய ஷேட் டிஎல்84 என்னும் கடை விளக்கில் விலகிப்போனால் ரெசிப்பி மறுபடி மாறும். அதே ஊரில், பல லட்சம் போட்டுக் கட்டிய வீட்டின் வெளிச்சுவருக்கு நிறம் முடிவாவது மட்டும் பெயின்ட் கடை கவுன்டரில், நின்ற நிலையில். இப்போது அதற்குத் துணையாக கலர் விஷுவலைசர் ஆப்கள் இருக்கின்றன. அவற்றை எதுவரை நம்பலாம்? மங்கலம் ரோட்டுப் பக்கம், மேற்குப் பார்த்த ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு நடந்தபோது அவற்றில் ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன்.

எதற்கு உதவுகிறது?

ஏசியன் பெயின்ட்ஸ், டூலக்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் இந்த வசதியை இலவசமாகவே தருகின்றன. முறை எளிது. வீட்டைப் போட்டோ எடுத்து, சுவரைத் தொட்டு, ஷேடைத் தேர்ந்தால் அந்தப் பரப்பு நிறம் மாறும். கூடவே வரும் ஷேட் கோடைக் கடையில் சொன்னால் டின்டிங் மெஷின் கலந்து தந்துவிடும்.

எந்த இடத்துக்கு அடர்நிறம், எந்த இடத்துக்கு வெளிர்நிறம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. முன்பக்கம் முழுக்க அடர் சாம்பல் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் பார்த்ததும் மாடி கீழ்த்தளத்தை அமுக்குவது போலத் தெரிந்தது. அடர்நிறத்தைப் போர்டிகோ தூண்களோடு நிறுத்தி, சன்ஷேடு விளிம்புக்கும் பாராபெட்டுக்கும் வெள்ளை கொடுத்தபோது வீடு எடுப்பாக நின்றது. வீட்டில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடிந்தது பெரிய லாபம்.

ஒரு எச்சரிக்கை: தென்னை ஓலை நிழல் விழுந்த இடத்தை ஆப் தனிச் சுவராக எடுத்துக்கொண்டது. ஜன்னல் கிரில்லுக்குள்ளும் நிறம் வழிந்தது. சுவரில் நேர் வெயில் படாத நேரத்தில் எடுத்த போட்டோவில் இந்தத் தொல்லை குறைந்தது.

எங்கே சறுக்குகிறது?

ஷேடைச் சரியாகக் காட்டுவதில். ஒரே கோடை இரண்டு போனில் திறந்து பக்கத்துப் பக்கத்தில் பிடித்தோம். ஒன்றில் பச்சை கலந்த சாம்பல், மற்றதில் நீலம் கலந்த சாம்பல். போன் திரை தானே ஒளியை உமிழ்கிறது. சுவரோ தன்மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கேமரா தன்னிச்சையாக வெண்மையைச் சரிசெய்யும். நைட் மோட் போட்டிருந்தால் திரையே மஞ்சளாகும். லேப் டிப்பை வாட்ஸ்அப் போட்டோவில் அனுப்பி அப்ரூவல் கேட்டால் பையர் என்ன சொல்வார் என்று ஊருக்கே தெரியும். திரையில் தெரியும் நிறம் மாறுபடலாம் என்று பெயின்ட் கம்பெனிகளே குறிப்புப் போடுகின்றன.

ஆகவே சுவருக்கும் லேப் டிப் போடுங்கள். ஆப்பில் மூன்று ஷேடுகள் வரை சுருக்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சிறிய சாம்பிள் டப்பா வாங்கி, பிரைமர் அடித்த இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் பூசுங்கள். பழைய சுவரிலேயே பூசிப் பார்க்க வேண்டாம். லைட் பாக்ஸின் உட்புறம் ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது? சுற்றியுள்ள நிறம் கண்ணை இழுத்துவிடக் கூடாது என்பதால்தான். பழைய பச்சைச் சுவரின் நடுவே க்ரீம் பூசினால் அது ரோஸ் சாயலாகத் தெரியும்.

அந்தப் பலகையைக் காலையிலும் உச்சி வெயிலிலும் மாலையிலும், இரவு கேட் விளக்கிலும் பாருங்கள். நாங்கள் வைத்த மணல் நிறம் நண்பகலில் கிட்டத்தட்ட வெள்ளையாக வெளுத்தது. மாலை ஐந்தரைக்கு ஆரஞ்சுக்குப் போனது. அதற்குப் பக்கத்தில் இருந்த, ஒரு படி மங்கலான ஷேட் எல்லா நேரத்திலும் நிலையாக நின்றது. அதுவே தேர்வானது.

ஆப் சொல்லாதவை

துணிக்கு லைட் ஃபாஸ்ட்னெஸ்ஸை, அதாவது ஒளியில் வெளுக்காமல் நிற்கும் தன்மையை, ப்ளூ வூல் அளவுகோலில் 1 முதல் 8 வரை மதிப்பிடுகிறோம். எந்த நிறம் கொங்கு வெயிலைத் தாங்கும் என்று நான் பார்த்த ஆப் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பொதுவாக இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் செம்மண், காவி, மணல் சாயல்கள் பல வருடம் நிற்கும். பளிச்சென்ற சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும். மேற்குச் சுவரில் இன்னும் சீக்கிரம். வெளிப்புறத்துக்கு ஆகாத ஷேடுகளைப் பல ஷேட் கார்டுகளில் குறித்தே இருக்கிறார்கள், கடைக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்தது எல்ஆர்வி. ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் இது. பொதுவாக எண் குறையக் குறையச் சுவர் அதிகச் சூட்டை இழுக்கும். மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு இது நிறத்தின் அழகைவிட முக்கியம்.

கடைசியாக, லாட் விவகாரம். ஒரே கோடில் வேறு வேறு நாள் கலந்த வாளிகளுக்குள் மெல்லிய வித்தியாசம் வரும். முழுத் தேவையையும் ஒரே தடவையில் வாங்கி, வாளிகளை ஒன்றோடொன்று கலந்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பு

எங்கே எந்த நிறம் என்று திட்டமிட ஆப்பை மனதாரப் பரிந்துரைக்கிறேன். அதை வைத்து ஷேடை முடிவு செய்ய வேண்டாம். வெயில் தாங்கும் தகுதியையும் எல்ஆர்வி எண்ணையும் ஒவ்வொரு ஷேடுக்கும் கீழே பெயின்ட் கம்பெனிகள் காட்டினால் இந்த ஆப்களின் மதிப்பு பல மடங்கு கூடும். அதுவரை, பூசிய பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வாருங்கள். அப்ரூவலை அங்கே கொடுங்கள்.