பாதியில் நின்ற எழுத்து

நூலின் மேலட்டையை ஆராய்கிறோம். கட்டடத்தின் வளைவையும் மாடத்தையும் ஆராய்கிறோம். ஆனால் சரக்கு இரயிலின் மேனியில் பூசிய வண்ணத்தையும் பொறித்த இலச்சினையையும் ஆய்வுக்குரிய பொருளாக எவரும் கொள்வதில்லை. ஊர்தோறும் நின்று, ஏழையும் செல்வரும் ஒருசேரக் காணும் எழுத்து அது. அதற்கும் ஒரு திறனாய்வு வேண்டும் என்பது நம் கருத்து. அமெரிக்கக் கண்டத்து இருப்புப்பாதைகளிலிருந்து சில சான்றுகளை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலில் நல்லதொன்றைச் சொல்லிவிடுவோம். கனடா நாட்டின் ‘கனடியன் நேஷனல்’ நிறுவனத்திற்காக 1960ஆம் ஆண்டில் ஆலன் ஃப்ளெமிங் என்பார் வரைந்த ‘சி.என்.’ என்னும் இலச்சினை அது. இரண்டு எழுத்துகளும் ஒரே தடித்த கோடாய், எழுதுகோலை எடுக்காமலே எழுதினாற்போல் இணைந்து ஓடுகின்றன. எழுத்தோடு எழுத்தைக் கோத்தெழுதும் அரபி எழுத்தணியில் பழகிய நம் கண்ணுக்கு இதன் அருமை உடனே புலப்படும். 1995ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அரசின் கையிலிருந்து தனியார் கைக்கு மாறியது. உடையவர் மாறினர், கோடு மாறவில்லை.

இனி, நம் கட்டுரையின் மையப்பொருளுக்கு வருவோம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ‘சதர்ன் பசிபிக்’, ‘சாந்தா ஃபே’ என இரு பெரும் இரயில் நிறுவனங்கள் இருந்தன. முன்னதன் இஞ்சின்கள் சாம்பல் நிறமும் செந்நிற முகமும் கொண்டவை. பின்னதன் சரக்கு இஞ்சின்கள் நீலமும் மஞ்சளும் பூண்டவை. இவற்றின் தாய் நிறுவனங்கள் இரண்டும் 1983ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றாயின. ஆயினும் இரயில் பாதைகளை ஒன்றாக்க மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் இசைவு வேண்டும். அந்த இசைவு வருமுன்பே வண்ணக்காரரின் தூரிகை புறப்பட்டுவிட்டது!

உடல் சிவப்பு, முகம் மஞ்சள், கூரை கறுப்பு. புகைப்படச் சுருளின் உறையை ஒத்திருந்ததால் ‘கோடாக்குரோம்’ என்று மக்கள் இதனை அழைத்தனர். வண்ணத்தை மட்டும் எடைபோட்டால் குறை சொல்வதற்கில்லை; பாலை வெயிலிலும் தொலைவிலிருந்து துலங்கும் சேர்க்கை அது. குறை எழுத்தில்தான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் இஞ்சின்களில் ‘எஸ்.பி.’ என்று மட்டும் எழுதினர். மற்றதன் இஞ்சின்களில் ‘எஸ்.எஃப்.’ என்று மட்டும் எழுதினர். இணைவு கைகூடியதும் எஞ்சிய இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பதற்காக அருகே வெற்றிடம் விட்டு வைத்தனர்! இவ்வாறு நூற்றுக்கணக்கான இஞ்சின்கள் பாதி எழுத்தோடு ஓடின. பெண் வீட்டாரின் சம்மதம் கிடைக்குமுன் நிக்காஹ் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தவரை ஊர் என்ன சொல்லும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1986ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் ஆணையம் அந்த இணைவை மறுத்தது. இரு நிறுவனங்களின் பாதைகளும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்பவை; அவை ஒருவர் கைக்குப் போனால் சரக்கு அனுப்பும் வணிகருக்கு வேறு போக்கிடம் இராது என்பதே காரணம். நியாயமான காரணம் என்றே நாம் எண்ணுகிறோம். ‘எஸ்.பி.எஸ்.எஃப்.’ என்னும் நான்கு எழுத்துகளுக்கு, ‘இத்துணை விரைவாய் வண்ணம் பூசியிருக்கலாகாது’ என்று பொருள்படும் ஆங்கில விரிவொன்றை இரயில் ஆர்வலர்கள் புனைந்து நகைத்தனர். நகைப்புக்கு அப்பால் ஒன்று நம் மனத்தை உறுத்துகிறது. இஞ்சினை ஓட்டியவர், பழுது பார்த்தவர், பாதை காத்தவர் ஆகியோருக்குத் தம் நிறுவனத்தின் பெயர் தலைமுறைச் சொத்து. அதனைப் பாதியாக்கி, மறுபாதிக்கு இடம் விட்டபோது, அவர்களுடைய நாளைய நிலை என்னவென்று அறியாமலே சுவரில் எழுதிவிட்டார்கள். வெற்றிடமும் எழுத்தின் ஒரு பகுதியே. அதில் என்ன வரும் என்று தெரிந்த பின்னரே நல்ல எழுத்தர் அதனை விடுவார்.

1988ஆம் ஆண்டில் சதர்ன் பசிபிக்கை ரியோ கிராண்டே நிறுவனத்தார் வாங்கினர். சாந்தா ஃபே தன் வழியே சென்று, 1989ஆம் ஆண்டில் ஒரு நல்ல காரியம் செய்தது. 1937ஆம் ஆண்டில் தன் பயணியர் இஞ்சின்களுக்கு அணிவித்த சிவப்பு–வெள்ளிக் கோலத்தை விரைவுச் சரக்கு வண்டிகளின் இஞ்சின்களுக்கு மீண்டும் அணிவித்தது. பழங்குடியினரின் போர்த் தலையணியை நினைவூட்டுவதால் அதற்கு ‘வார்பானெட்’ என்று பெயர். கரியும் எண்ணெயும் படியும் சரக்கு வேலைக்கு வெள்ளி நிறமா என்று கேட்கலாம். ஆயினும் இஞ்சினின் மூக்கிலிருந்து பின்னோக்கி வழியும் அந்தச் சிவப்பு, ஓட்டத்தோடு ஒன்றிய வடிவம். அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 1995ஆம் ஆண்டில் பர்லிங்டன் நார்தர்னோடு அந்நிறுவனம் இணைந்தது.

சதர்ன் பசிபிக்கை 1996ஆம் ஆண்டில் யூனியன் பசிபிக் விழுங்கியது. பின்னர், தான் விழுங்கிய நிறுவனங்களின் சின்னங்களுக்காகப் பொம்மை இரயில் செய்வோரிடம் உரிமத் தொகை கேட்டு நீதிமன்றம் வரை சென்றது. அதே நிறுவனம் 2005, 2006ஆம் ஆண்டுகளில் அத்தகைய ஆறு நிறுவனங்களின் பழைய வண்ணங்களை நினைவூட்டும் ஆறு இஞ்சின்களை ஓடவிட்டது. அன்பினாலா, உரிமையை நிலைநாட்டவா? இரண்டும் கலந்திருக்கலாம். வண்ணப்பூச்சு நேர்த்தியானது, பழைய தொழிலாளர் பலர் மகிழ்ந்திருப்பர். சதர்ன் பசிபிக்கின் பெயர் இம்முறை முழுமையாகவே எழுதப்பட்டது. அந்த இஞ்சினுக்கு இட்ட எண் 1996.