‘ரொம்ப சென்சிட்டிவ்’: ஆத்மாநாம் வாசிப்பு பற்றி ஒரு மறுப்பு

ஒவ்வொரு ஜூலை மாதமும் ஆத்மாநாமைப் பற்றி யாராவது எழுதுகிறார்கள். ஜூலை 6 அவர் இறந்த நாள். எழுதுகிறவர்கள் மாறினாலும் ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: அவர் மிகுந்த நுண்ணுணர்வு கொண்டவர், இந்த உலகத்தின் குரூரம் அவருக்குத் தாங்கவில்லை. நானும் ரொம்ப நாள் அதைத் தலையாட்டிக்கொண்டே படித்தவன்தான். இருபது வயசில் கேட்க நல்லாவும் இருந்தது. இப்போது அந்த வாக்கியம் தப்பு என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல முதலில் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கவிதை விமர்சனத்தில் வீட்டுக் கதை எதற்கு என்பவர்கள் நாலைந்து பத்தி தாண்டிப் போய்விடலாம், கோபப்பட மாட்டேன்.

எங்கள் வீடு சிந்தாதிரிப்பேட்டையில். 1730-களில் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படி ஆனது என்பார்கள். நான் பிறந்தபோது தறி எதுவும் கண்ணில் படவில்லை. அப்பா ஒரு சின்ன பைண்டிங் கடை வைத்திருந்தார். கணக்கு நோட்டு, கல்லூரி தீசிஸ், கோயில் ரசீது புத்தகம், எல்லாம் வரும். 2018-ல் கடையை மூடினார். மூடின அன்றைக்கு அழவில்லை. கட்டிங் மெஷினை வாங்கிப்போனவரிடம் நூறு ரூபாய் கூடுதலாகப் பேசி வாங்கிவிட்டு வந்து சிரித்தார்.

அதே வீட்டில் அப்பாவின் தங்கை, என் அத்தை, இருக்கிறார். அத்தை எதற்கும் அழுவார். சீரியலுக்கு அழுவார், விளம்பரத்துக்கு அழுவார், தெருப் பூனை குட்டி போட்டால் அழுவார். சொந்தக்காரர்கள் வந்தால் ஓரமாக என்னைக் கூப்பிட்டு, “உங்க அத்தைக்கு டிப்ரஷன் மாதிரி தெரியுது தம்பி, டாக்டர்கிட்ட காட்டுங்க” என்பார்கள். அப்பாவைப் பற்றி அந்தக் கவலையே யாருக்கும் இல்லை. “அவரு திடமான ஆளு.”

கடையை மூடி ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் மார்க்கெட்டில் வழக்கமாக வாங்குகிற அம்மா என்னைக் கேட்டார்: “இன்னா தம்பி, நைனா வர்றதே இல்ல? சண்ட போட ஆளில்லாம பேஜாரா கீது.” அப்போதுதான் யோசித்தேன். முப்பது வருஷமாக ஞாயிறு காலை வஞ்சிரத்துக்கோ சங்கராவுக்கோ பேரம் பேசாமல் அவர் இருந்ததில்லை. இப்போது மூணு மாசமாக நான்தான் போகிறேன். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. வயசாச்சு, கால் வலிக்குது போல என்று நானே ஒரு பதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்திருப்பார். சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. வயிறு எரியுது, உடம்பு கனக்குது என்பார். ஒரு டாக்டர் கேஸ் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் எண்டாஸ்கோப்பி எடுக்கச் சொன்னார், ஒன்றும் இல்லை. நான் என் பங்குக்கு, “வாக்கிங் போங்கப்பா, மைண்டை டைவர்ட் பண்ணுங்க” என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது. தங்கைக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் பேத்தி. பார்த்தார். “சரி” என்றார். அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னது அத்தைதான். “அண்ணன் மூஞ்சில ஒண்ணுமே இல்லடா. என்னத் திட்டக்கூட மாட்டேங்குது.”

மனநல மருத்துவரிடம் போக ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வியே என்னிடம்தான்: “இவர் எப்பவும் இப்படியா, இல்ல மாறிட்டாரா?” அப்புறம் அப்பாவிடம் ஒன்பது கேள்விகள். பிஎச்க்யூ-9 என்று பெயர், 2001-ல் வெளியானது, உலகம் முழுக்கப் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு 27-க்கு மதிப்பெண் போடுவார்கள். பத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு 19. நான் வீட்டுக்கு வந்து அந்தக் கேள்விகளைத் திரும்பப் படித்தேன். முதல் கேள்வி சோகத்தைப் பற்றியது இல்லை. செய்கிற காரியங்களில் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா என்பதுதான் முதல் கேள்வி. அழுகை பற்றி ஒன்பதில் ஒரு கேள்விகூடக் கிடையாது. தூக்கம், பசி, சோர்வு, கவனம், நடை பேச்சு மந்தமாவது, தன்னைத்தானே மட்டமாக நினைப்பது என்றுதான் போகிறது.

பத்தி தாண்டிப் போனவர்கள் இங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இதற்குப் பிறகு நான் படித்ததில் என்னை உலுக்கியது ஜோனதன் ராட்டன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த வேலை. 2002-ல் ஒரு கட்டுரை. மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சோகமான சினிமாத் துண்டைக் காட்டினார்கள். நோய் உள்ளவர்கள் அதிகம் அழுவார்கள் என்றுதான் நாம் எல்லோரும் எதிர்பார்ப்போம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அழவில்லை. 2008-ல் இதே துறையின் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனச்சோர்வில் இருப்பவர்கள் நல்ல விஷயத்துக்கும் குறைவாகத்தான் அசைகிறார்கள், கெட்ட விஷயத்துக்கும் குறைவாகத்தான் அசைகிறார்கள் என்று தெரிந்தது.

இன்னொரு பக்கம் எலைன் ஏரன். 1996-ல் அதீத உணர்திறன் கொண்டவர்களைப் பற்றி ஒரு பிரபலமான புத்தகம் எழுதினார், அடுத்த வருஷம் கணவர் ஆர்தர் ஏரனுடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் போட்டார். சத்தம், வெளிச்சம், அடுத்தவர் முகச் சுளிப்பு, பாட்டு, எல்லாமே சிலருக்குள் ஆழமாகப் போகிறது, அது நோய் இல்லை, பிறவிச் சுபாவம் என்பது அவர் வாதம். அந்தப் புத்தகத்தின் சுயமுன்னேற்றத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அடிப்படை வாதம் சரி. அத்தை அந்த வகை. அழுவார், பத்து நிமிஷத்தில் எழுந்து ரசம் வைக்கப் போய்விடுவார். சாப்பாடு ருசிக்கும், தூக்கம் வரும்.

என் தொழில் பாஷையில் சொன்னால் விஷயம் எளிது. சில சர்வர்கள் எதற்கெடுத்தாலும் அலர்ட் அனுப்பும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது உயிரோடு இருக்கிறது. இன்னொரு சர்வரிலிருந்து வாரக்கணக்கில் அலர்ட்டே வராது. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். புது ஆள், ஆஹா நல்லா ஓடுது என்பான். அலர்ட் அனுப்புகிற புரோகிராமே செத்துக் கிடக்கும்.

சரி, ஆத்மாநாம். இயற்பெயர் மதுசூதன். 1951-ல் சென்னையில் பிறந்தார். 1978-லிருந்து ‘ழ’ பத்திரிகை. 1981-ல் ‘காகிதத்தில் ஒரு கோடு’, உயிரோடு இருக்கும்போது வந்த ஒரே தொகுப்பு. 1984-ல் பெங்களூரில் தற்கொலை. வயது 33. அவருடைய படைப்புகளைத் தொகுத்துக் காப்பாற்றியவர் பிரம்மராஜன். 2002-ல் காலச்சுவடு வெளியிட்ட பெரிய தொகுப்பு அவர் உழைப்பு. நண்பராக இருந்து பக்கத்தில் பார்த்த அவர் இதை மூடி மறைக்கவில்லை. அஃபெக்டிவ் டிஸார்டர் என்ற நோய் இருந்தது, சிகிச்சை நடந்தது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது.

பதிவில் இருப்பதைத்தான் பின்னால் வந்தவர்கள் தடவித் தடவிக் கவித்துவமாக்கிவிட்டார்கள். அந்த நோய்ப் பெயரும் அதற்கு ஒத்துழைத்தது என்று எனக்குச் சந்தேகம். அஃபெக்டிவ் என்றதும் உணர்ச்சி, உணர்ச்சி என்றதும் கவிஞன், கவிஞன் என்றதும் மென்மையான மனசு! மருத்துவத்தில் அந்தச் சொல் குறிப்பது மனநிலையை. இப்போது மனநிலைக் கோளாறுகள் என்கிறார்கள். அந்தக் குடையின் கீழ் மனச்சோர்வும் வரும், இருதுருவ நோயும் வரும். அவருக்கு இருந்தது இதில் எந்த வகை என்று நாற்பது வருஷம் கழித்து ஒரு பி.இ. படித்தவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் சொல்ல வருவது வேறு. நுண்ணுணர்வு அவருடைய கவிதைகளில் இருக்கிறது. அவரைக் கொன்றது அது இல்லை.

கவிதைகளையே பாருங்கள். ‘பிச்சை’யில் இருக்கிற கிண்டல், ‘முத்தம்’ கவிதையில் நகரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கூச்சமே இல்லாமல் சிபாரிசு செய்கிற தைரியம், ‘ஏதாவது செய்’யில் இருக்கிற அவசரக் கோபம். ‘என் ரோஜாப் பதியன்கள்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. சாயங்காலம் போய்ப் பார்க்க ஆள் இருப்பது மாதிரி செடிகளை நினைக்கிற மனசு அது. இதெல்லாம் எல்லா அலர்ட்டும் வேலை செய்கிற ஆள் எழுதியது. உலகம் தாங்காத மனசு என்று முடிவு செய்துவிட்டுப் படித்தால் ரோஜாச் செடியில்கூட மரணம் தெரிய ஆரம்பிக்கும். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுக் கதை முழுக்கத் துப்பு தேடுகிற மாதிரி. அவருடைய நகைச்சுவை பற்றி எத்தனை கட்டுரை படித்திருக்கிறீர்கள்? நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இந்த வாசிப்பில் இரண்டு பேருக்கு நஷ்டம். கவிதையின் துடிப்பையே நோய்க்குறியாக்கிவிடுவதால் கவிஞனுக்கு நஷ்டம். வாசிக்கிற இருபது வயசுப் பையனுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். மூணு வாரமாகத் தூங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறவன், நமக்கு ஆழமான மனசு, அதான் இப்படி என்று நினைத்துக்கொள்வான். ஆழமான மனசுக்கு யார் போய் மருந்து கேட்பார்கள்?

நம் சொற்களும் உதவவில்லை. பத்திரிகைகளில் மன அழுத்தம் என்று படிக்கும்போது ஸ்ட்ரெஸ்ஸா டிப்ரஷனா என்று புரிவதே இல்லை. இரண்டுக்கும் அதே சொல். ஒரே வேரியபிளில் இரண்டு மதிப்பு வைத்தால் என்ன ஆகும் என்று புரோகிராம் எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். இலங்கைத் தமிழில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கீடு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்ற சொல்லே எனக்குப் பிடிக்கிறது. சோர்வில் உடம்பும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நாலு காரணம் சொல்கிறது: இழிவுபடுவது, இழப்பது, நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. நாலுமே வெளியே நடக்கிற சம்பவங்கள். அழுகை என்பது எதற்கோ பதில். அப்பாவுக்குக் கடை போனது இழப்புதான். எல்லோரும் அதையே சொன்னோம், கடை போன வருத்தம், சரியாயிடும் என்று. காரணம் இருக்கிறது என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. பேத்தி பிறந்ததற்கு ஏன் அசையவில்லை என்பதுதான் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஒரு எச்சரிக்கை. நான் போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை. அழுதுகொண்டே இருக்கிற மனச்சோர்வும் உண்டு. நல்ல செய்தி வந்தால் கொஞ்ச நேரம் தெளிந்து, ஒரு சொல் பட்டால் நொறுங்கிப் போகிற வகையும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. அதீத உணர்திறன் உள்ளவருக்கும் மனச்சோர்வு வரலாம். அதனால் அத்தை வகை ஆள் என்று யாரையும் சும்மா விட்டுவிடாதீர்கள். அந்த மருத்துவர் கேட்டதுதான் எனக்குத் தெரிந்து நல்ல கேள்வி: எப்பவும் இப்படியா, மாறிட்டாரா? மாறி இரண்டு வாரம் தாண்டியிருந்தால் காட்டிவிடுங்கள். வாழ வேண்டாம் என்ற பேச்சோ எண்ணமோ வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்கக் கூடாது. 14416-க்கு இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். சென்னையில் ஸ்நேகா 1986-லிருந்து இதே வேலையைச் செய்கிறது, எண் 044-24640050.

அப்பாவுக்கு மாத்திரை வேலை செய்ய ஐந்தாறு வாரம் ஆனது. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மாற்ற வேண்டி வந்தது. ஒன்றரை வருஷம் போல ஓடியது. இந்தக் கட்டுரைக்காக ஆத்மாநாம் தொகுப்பை மேஜையில் போட்டுவைத்திருந்தேன். இருபது வருஷமாகப் புரட்டி முதுகு பிளந்துபோன பிரதி. எடுத்து முதலில் தையலைத்தான் பார்த்தார். அப்புறம் நடுவில் திறந்து ரெண்டு மூணு பக்கம் படித்தார்.

“யாருடா இவன், நல்லா நக்கல் அடிக்கிறான்.”

கவிஞர்ப்பா, செத்துட்டாரு என்றேன்.

“புஸ்தகத்த இப்படியாடா வெச்சிருப்ப? நூலும் ஊசியும் அந்த டிரங்குப் பெட்டில கெடக்கு பாரு, எடுத்துட்டு வா.”