மூன்றாவது படி எல்லோருக்கும் உண்டா? கொலை வழக்கு மேல்முறையீடு பற்றி

கொலை வழக்கில் ஹைகோர்ட் தண்டனையை உறுதி செய்தால், அடுத்த நாள் பேப்பரில் கடைசி வரி இப்படித்தான் இருக்கும்: சுப்ரீம் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யப்படும். நானும் ரொம்ப நாளா அதை அப்படியே நம்பிக்கிட்டு இருந்தேன். செஷன்ஸ், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட்னு மூணு படி, யாரா இருந்தாலும் மூணும் ஏறலாம்னு. சட்டப் பிரிவுகளை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் அந்த வரி பெரும்பாலும் தப்பு என்று தெரிந்தது.

முதல் கட்டத்தில் குழப்பம் இல்லை. கொலைக் குற்றத்தை விசாரிப்பது செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே தண்டனை விழுந்தால் மேல்முறையீடு ஹைகோர்ட்டுக்கு. தென்மாவட்ட வழக்கு என்றால் 2004 ஜூலை முதல் மதுரைக் கிளைக்கு. இது உரிமை, யாருடைய அனுமதியும் வேண்டாம். தூக்கு என்றால் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குற்றவாளி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் செஷன்ஸ் நீதிபதி கோப்பை ஹைகோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டு நீதிபதிகளாவது பார்த்து உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது. சாட்சியங்களை அவர்கள் முதலிலிருந்து எடைபோட வேண்டும். நல்ல ஏற்பாடு.

சிக்கல் அதற்கு மேலேதான். அரசியலமைப்பின் 134-வது பிரிவு சுப்ரீம் கோர்ட்டுக்கு உரிமையாக மேல்முறையீடு தருவது மிகச் சில பேருக்கு மட்டும். முக்கியமாக, செஷன்ஸ் விடுதலை செய்த ஒருவரை ஹைகோர்ட் குற்றவாளி என்று மாற்றித் தூக்கு விதித்தால். 1970-ல் வந்த ஒரு சட்டம் ஆயுள் தண்டனையையும், பத்து ஆண்டும் அதற்கு மேலும் போகும் தண்டனையையும் இதில் சேர்த்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குத் தகுதியானது என்று ஹைகோர்ட்டே சான்று தரும் வழியும் உண்டு. மற்ற எல்லோருக்கும் 136-வது பிரிவு, அதாவது சிறப்பு அனுமதி மனு. ஏற்பதும் தள்ளுவதும் நீதிமன்றத்தின் விருப்பம்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். விடுதலையானவர் முதன்முறையாகத் தண்டனை பெறுவதே ஹைகோர்ட்டில். அவருக்கு ஒரு மேல்முறையீடாவது வேண்டாமா? இரண்டு கோர்ட்டிலும் தோற்றவர் அந்த வாய்ப்பை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். ஆயுள் தண்டனை வரைக்கும் இந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் இன்னொருவரை எடுத்துக்குங்க. செஷன்ஸ் அவருக்கு ஆயுள் தந்தது. அரசு தண்டனையை அதிகப்படுத்தக் கேட்டது, ஹைகோர்ட் தூக்கு கொடுத்தது. இவருக்கும் தூக்கு முதன்முறையாக வந்தது ஹைகோர்ட்டில்தானே? ஆனால் அவர் விடுதலையாகவில்லை என்பதால் 134(1)(அ) அவரைத் தொடாது. அதே ஹைகோர்ட், அதே தூக்கு. ஒருவருக்கு உரிமை, இன்னொருவருக்கு மனு. மேலே சொன்ன நியாயம் இங்கே நிற்கவில்லை.

நடைமுறையில் தூக்கு வழக்கை சுப்ரீம் கோர்ட் சும்மா விடாது என்று ஒரு வக்கீல் நண்பர் சமாதானம் சொன்னார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் தூக்குக்கு எதிரான சிறப்பு அனுமதி மனு காரணம் எதுவும் எழுதாமலே தள்ளுபடி ஆனது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்று, தூக்கு வழக்கு மனுவை இப்படித் தள்ளக்கூடாது என்றது. 2014-ல் சீராய்வு மனுவையும் திறந்த நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள், அதிகபட்சம் அரை மணி நேரம் கேட்கணும் என்று சொன்னதும் அதே கோர்ட்தான். இவை நீதிபதிகள் போட்ட ஒட்டு. சட்டத்தில் இருக்கும் ஓட்டை அப்படியேதான் இருக்கு.

சட்ட ஆணையம் 2003-லேயே தன் 187-வது அறிக்கையில் தூக்கு உறுதியானால் சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீட்டை உரிமையாக்கச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வந்தது. பெயர் மாறியது, பிரிவு எண்கள் மாறின, இந்த இடம் மாறவில்லை. அது வரைக்கும் பேப்பர்காரர்களாவது அந்தக் கடைசி வரியில் மேல்முறையீடு என்பதற்குப் பதில் அனுமதி கேட்டு மனு என்று போடலாம்.